துண்டுக்குள் போன கை

“துண்டைப் போடுங்க அண்ணாச்சி,” என்றாள் வடிவம்மாள்.

சந்தை வாயை மூடிக்கொண்டது. ஆடுகளும் மூடிக்கொண்டதாகத்தான் கேள்வி.

தரகர் செந்தூர்வேல் தோளில் கிடந்த துண்டைத் தொட்டார். எடுக்கவில்லை.

முத்தையாபுரத்துக்குத் தெற்கே அந்த ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. துண்டை விரித்து, அதற்கடியில் இருவரும் கை கோத்து, விரலைப் பிடித்து அழுத்தினால் அதுதான் விலை. சுற்றி நிற்கிறவன் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை இதெல்லாம் களவாணித்தனம் என்று தடை போட வந்தாராம். அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது என்று கையை விட்டாராம். வெளியே எடுக்கும்போது நாற்பது நொண்டி ஆடுகளுக்குச் சொந்தக்காரராகியிருந்தாராம். தடையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

அந்தத் துரை காலத்திலிருந்து, செல்போனில் பணம் பாய்கிற இந்தக் காலம் வரைக்கும், ஒரு பெண்ணின் கை அந்தத் துண்டுக்குள் போனதில்லை.

“ஏளா, உன் வீட்டுக்காரனை வரச் சொல்லு.”

“அவுக காலு ஒடிஞ்சு கட்டில்ல கிடக்காக. கையை மட்டும் கழத்தியா அனுப்ப முடியும்?”

யாரோ சிரித்தார்கள். செந்தூர்வேல் திரும்பியதும் சிரிப்பு இருமலாக மாறியது.

அவள்மேல் அவருக்கு இரக்கம் இல்லாமலில்லை. ஊரறிந்த இரக்கசாலி அவர். வடிவம்மாளின் தோட்டத்து மோட்டார் எரிந்துபோய், குலை தள்ளுகிற நேரத்தில் வாழை காய்ந்துகொண்டிருந்தது. புது மோட்டார் வாங்கத்தான் வளர்த்த ஜோடிக் கிடாவை விற்க இருந்தாள். போன வாரம் பட்டியிலிருந்து ஒன்று காணாமல் போயிற்று, கழுத்து மணியோடு. மற்றதின் மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இதுக்குச் சோடி மணி, பார்த்தியளா?” என்று வீடு வீடாகக் கேட்டாள். அவளோடு டார்ச் அடித்துக்கொண்டு உடைமரக் காட்டுக்குள் தேடியவர் செந்தூர்வேல். காலில் முள் குத்திய இடத்தை இன்னும் எல்லோருக்கும் காட்டுகிறார். இன்று காலையில் தன் லோடு ஆட்டோவிலேயே, வாடகை பேசாமல், அவளையும் மிச்சமிருந்த கிடாவையும் பின்னால் வைக்கோலில் ஏற்றிக் கூட்டிவந்ததும் அவர்தான்.

ஒற்றைக் கிடாவுக்கு அரை மோட்டார்தான் வரும். அரை மோட்டார் தண்ணீர் இறைக்காது. இது அவளுக்கும் தெரியும். அவசரக்காரி கொண்டுவருகிற ஆடு மலிவு என்பது அவருக்குத் தெரியும்.

“விலையை வாயால சொல்லிருதேன். பணத்தை வாங்கிட்டுப் போ.”

“வாயால பேசுனா எல்லாருக்கும் கேக்குமே அண்ணாச்சி. பெறவு உங்களுக்குல்லா சங்கடம்.”

அவர் அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். துண்டை விரித்தார்.

கூட்டம் நெருங்கியது. முன்னால் வந்து நின்றவர் காயல்பட்டினத்து யாவாரி மக்தூம். முகத்தைப் பார்த்தே துண்டுக்குள் நடக்கும் விலையைச் சொல்லிவிடுவார். மீனின் முகத்தைப் பார்த்து அது எந்தக் கடலில் பிறந்தது என்றும் சொல்வார் என்பார்கள். மீன் மறுத்துப் பேசியதில்லை.

காய்த்துப்போன கை ஒன்று துண்டுக்குள் வந்தது.

அது விரலைப் பிடிக்கவில்லை. செந்தூர்வேலின் உள்ளங்கையில் எதையோ வைத்தது. சின்னதாக, கனமாக, சில்லென்று.

பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது.

என்னவென்று அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. இறுக்கிப் பிடித்தார். அசையக்கூடாது. கொஞ்சம்கூட அசையக்கூடாது.

அதற்கப்புறம்தான் அவள் விலை சொன்னாள், மூடிய கையின் மேலேயே, அழுத்தி அழுத்தி. அது ஒற்றைக் கிடாவின் விலை இல்லை.

செந்தூர்வேல் மாட்டேன் என்று தலையை ஆட்டப் பார்த்தார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆட்டவில்லை. ஆட்டுவேன் என்கிற அளவுக்கு மட்டும் பிடித்தாள்.

“சரி,” என்றார் செந்தூர்வேல். பால்குடி மறக்காத குட்டியின் குரல்.

“என்ன செந்தூரு, இப்படி வேர்க்குது? பொம்பளைக் கைன்னா அம்புட்டு பயமா?” என்றார் மக்தூம்.

சந்தை சிரித்தது. செந்தூர்வேலும் சிரித்தார். இடது கையாலேயே மடியை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தார். வலது கை துண்டோடு சுருண்டு நெஞ்சில் ஒட்டிக்கிடந்தது, அடிபட்ட கை மாதிரி.

வடிவம்மாள் பணத்தை எண்ணவில்லை. முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, கிடாவின் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

இடது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தார் செந்தூர்வேல். கிடா அவள் போன பக்கம் திமிறியது. கயிறு வழுக்கியது. இன்னொரு கையையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

துண்டு விழுந்தது. கூடவே அந்தச் சோடி வெண்கல மணியும் விழுந்தது, வைக்கோல் ஒட்டிக்கொண்டு.

ணிங்.

மக்தூமின் சிரிப்பு பாதியில் நின்றது. வடிவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிடாதான் திரும்பியது. காதை நிமிர்த்திக்கொண்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டு, தரகரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேரே அந்த லோடு ஆட்டோவுக்கு ஓடி, வைக்கோலுக்குள் மூக்கை விட்டுத் தேட ஆரம்பித்தது.