மூன்று மாதக் குரல்

"அக்கா, முதல்ல அழுகைய நிறுத்துங்க," என்றான் அவன்.

"நான் அ…ழல, தம்…பி."

அவனுக்குப் புரியவில்லை. அழுகிறவர்களின் குரல்தான் இப்படி நெரிந்து, நடுநடுவே அறுந்து வரும். ஆனால் விசும்பல் இல்லை, மூக்குறிஞ்சல்கூட இல்லை.

உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கூப்பிடுகிற உதவி எண் அது. ஒரு வார்த்தை பிசகினால் மறுமுனை அடங்கிவிடும். பிறகு பிடிக்க முடியாது.

"யாராவது கழுத்தப் பிடிக்கறாங்களா?" நிதானமாகத்தான் கேட்டான். அவன் பக்கம் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"என் தொண்டையே என்னைப் பிடிக்குது."

துண்டு துண்டாகச் சொன்னாள். தொண்டைக்குள் இரண்டு மடிப்புகள். மெல்லத் தொட்டு அதிர்ந்தால் பேச்சு. அவளுக்கு மூளை தப்பான உத்தரவு போட, அவை இறுக மூடிக்கொள்கின்றன. மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது.

"மருந்து இல்லையா?"

"ஊசி இருக்கு, போட்டாக்ஸ். கழுத்து வழியா அந்தத் தசையிலயே போடுவாங்க. 'ஈ'ன்னு சொல்லச் சொல்வாங்க. ஊசியோட மாட்டியிருக்கற மெஷின் கரகரன்னு கத்துனா ஊசி சரியான இடத்துல இருக்குன்னு அர்த்தம். விஷந்தான் அது. துளியூண்டு போட்டா தசை தளர்ந்துடும்."

"அப்புறம் சரியாயிடுமா?"

"கொஞ்ச நாள் வெறும் காத்துதான் வரும். அப்புறம் ஒரு மூணு மாசம் நல்ல குரல். அதுக்கப்புறம் பழையபடிதான். என் பையன் 'ஓட்ட ரேடியோ'ம்பான். என் வேலையே பேசறதுதான் தம்பி. இன்னிக்கு வாயத் திறக்கவே பயந்தேன். எதுக்கு இந்தப் பொழப்புன்னு தோணும்."

"எவ்வளவு நாளா?"

"பையன் பொறந்ததுலேர்ந்து."

"போயிடும்னு தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் போட்டுக்கறீங்க?"

"போயிடும்தான். திரும்பப் போய் உக்காருவேன். நாளைக்கும் போறேன்."

அவன் பக்கமிருந்து காற்று மட்டும் கேட்டது. சிறிது நேரத்தில் அதுவும் நின்றுபோனது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "தம்…பி? இருக்கீங்…களா?"

"ஊசி போட்டுட்டு வந்தப்புறமும், நான் கூப்பிட்டா இந்த நம்பர்ல நீங்களே எடுங்கக்கா, வெறும் காத்து வந்தாலும் பரவால்ல. நான் மொட்டமாடிச் சுவத்த விட்டு இறங்கி உள்ள வந்துட்டேன்."