ஸ்பீக்கரில் வந்த குரல்

“என் பாஸ்போர்ட்டைக் குடுங்க அத்தை.”

அங்கே எதையும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அம்மா விமானம் ஏற்றினாள். வெண்பா கேட்டேவிட்டாள். வம்சத்திலேயே முதல் பட்டதாரி அவள். ஜெர்சி சிட்டியில் வேலை கிடைத்திருந்தது. அங்கிருந்து வெகு தொலைவில், ஆலன் என்ற ஊரில் இருந்த புகுந்த வீடு அவளை விடுவதாக இல்லை.

மாமியார் சாரதா டேப்லெட்டிலிருந்து ஹாலின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு முருகன் பாட்டை அனுப்பிக்கொண்டிருந்தாள். “உம் புருசன் கவின் வரட்டுங் கண்ணு, அவங்கிட்டக் கேட்டுக்க. வேலைக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போற?”

பாட்டு நின்றது. ஸ்பீக்கரில் வெண்பாவின் குரல் வந்தது. யாரிடமோ போனில் பேசுகிற குரல். அதற்குப் பின்னால் ரயில் ஓடுகிற சத்தம்.

“ரூம் சின்னதுதான்டி. பாஸ்போர்ட்டா? சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருந்தாங்க. நான் அன்னைக்குத் தூரம். உள்ள போக மாட்டேன்னு அவங்க நெனப்பு.”

வெண்பா வாயே திறக்கவில்லை. அவளுடைய போனும் லேப்டாப்பும் பைக்குள் அணைந்து கிடந்தன. சாரதா டேப்லெட்டை அணைத்தாள். பிறகு ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள். குரல் சாவகாசமாகச் சிரித்தது.

அன்று வெண்பாவுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். அவள் பூஜை அறைப் பக்கம் திரும்பினாள்.

“உள்ள போகாத கண்ணு, நீ தூரம்.”

போனாள். படத்தை நகர்த்தினாள். பாஸ்போர்ட் அட்டையில் குங்குமம் ஒட்டியிருந்தது. துடைக்காமல் பையில் போட்டுக்கொண்டு வாசல் கதவைத் திறந்தாள்.

“ஆமாங்க அத்தை, ரொம்பத் தூரம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.