ஏழாம் பக்கத்து நோயாளி

அது திங்களா செவ்வாயா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பேராசிரியர் ஒரு மருத்துவ மாணவனின் கேஸ் நோட்டில் ஏழாம் பக்கத்தைத் தட்டியது மட்டும் நிச்சயம்.

"இந்த நோயாளிய நீயே பரிசோதிச்சியா?"

"ஆமா சார்."

"நாளைக்குக் கூட்டிட்டு வா. இல்லேன்னா பரீட்சைய மறந்துடு."

மறுநாள் அந்த ஆள் வந்து படுத்து, மூச்சு வாங்க முனகினார். பேராசிரியர் அவர் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் உற்றுக் கேட்டார்.

"அச்சு அசலா எழுதியிருக்கே. இதய வால்வு சுருங்கியிருக்கு, சத்தம் தெளிவா கேக்குது. முழு மார்க்!"

மாணவனின் முகம் வெளிறியது. பேராசிரியர் நகர்ந்ததும் நோயாளி கண்ணடித்தார்.

"எப்படி மாப்பிள்ளை நம்ம நடிப்பு? மனுஷன் அப்படியே நம்பிட்டாரே!"

"மாமா, மூச்சு வாங்குறத நடிக்கலாம். நெஞ்சுக்குள்ள கேக்குற சத்தத்த நடிக்க முடியாது."

ஏழாம் பக்கத்தில் இருந்த பெயர், வயது, நோய் எல்லாமே அவன் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அளந்துவிட்டவை. இல்லாத ஒருவனின் பெயரில் மாமாவுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது? நோட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரின் பின்னால் ஓடினான்.

மாமாவுக்கு வால்வு மாற்றினார்கள்; நன்றாக இருக்கிறார். உண்மையைச் சொன்னதில் மாணவனுக்கு ஒரு வருடம் போயிற்று. பேராசிரியர் இப்போதெல்லாம் யார் நோட்டைக் கொடுத்தாலும் முதலில் ஏழாம் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்.