முதல் டோக்கன்

பல் ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன் என்னுடையது. விழுந்த பல்லின் இடத்தில் ‘பிரிட்ஜ்’ என்ற பாலம் கட்ட வந்திருந்தேன்.

நர்ஸ் கூப்பிட்டதும், மடியில் வயலின் பெட்டியோடு இருந்தவரிடம் அவசரமாகத் திரும்பினேன்.

“பிரிட்ஜ்னா உங்க தொழில்ல என்னங்க?”

“தந்தியைத் தாங்குற மரத்துண்டு.”

“அடடே! நீங்க முதல்ல போங்க. ஊசிதானே, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

அடுத்த அழைப்புக்கு ஒரு மாலுமி சிக்கினார். கப்பலை ஓட்டும் மேல்தள அறைதான் பிரிட்ஜாம். அவரையும் எறும்பிடம் அனுப்பினேன். பிரிட்ஜ் ஒரு சீட்டாட்டத்தின் பேர் என்று சொன்ன ஓர் அம்மாவும் போனார். கடைசியாக இருந்த இன்ஜினியர், “பாலம்ங்க, வேற என்ன?” என்று முறைத்துவிட்டு அவராகவே உள்ளே போய்விட்டார்.

நாற்காலிகள் காலி. எனக்குள் இருந்தது அறிவுத் தாகம் இல்லை, ஊசிப் பயம்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

“வாங்க டாக்டர். உங்க கிளினிக்ல ஏழு பேர் பல்வலியோட உங்களுக்காகக் காத்திருக்காங்களாம். பயப்படாம வாங்க. இருபது வருஷமா உங்க பேஷன்ட்டுகளுக்கு நீங்க சொல்லிட்டு வர்ற அதே எறும்புதான்!”