லயம் தெரியாத பிள்ளைகள்

"லயம் எண்டா என்னெண்டே தெரியாததுகளை ஆர் மேடையில ஏத்தினது?"

நடுவர் முஹைதீன் மாஸ்டர் ஒலிவாங்கியில் முழங்கினார். பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஐந்து பிள்ளைகளும் மேடையில் அசையாமல் நின்றார்கள்.

சிலாவத்துறையில் பள்ளிவாசல் நிருவாகம் முதல் பாட்டுப் போட்டி வரை மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். வயல் பக்கத்துப் பள்ளிக்கூடம், சங்கீத ரீச்சர் கிடையாது, கைபேசியில் சுருதி வைத்துப் பழகிய கோஷ்டி என்று கேட்டபோதே அவருக்கு வாய் கோணிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அதுவரை நன்றாகத்தான் பாடினார்கள். சுருதி சேர்ந்திருந்தது, தாளம் பிசகவில்லை. மாகாணப் போட்டிக்கு இவர்கள்தான் என்று சபையே முணுமுணுத்தது. அந்த நேரம் பார்த்து, தாளம் போட்ட டிலக்சனா கையை மடக்கினாள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மாஸ்டருக்கு இது போதாதா? பிடித்துக்கொண்டார். சுருதி என்றால் குரல் நிற்க வேண்டிய நிலை. தாளம் என்றால் காலத்தை அளக்கிற அளவு. லயம் என்றால் அந்த ஓட்டம் கூடாமல் குறையாமல் போவது. நடுவழியில் படுத்துவிட்டால் அதற்குப் பெயர் பாட்டா என்று விளாசித் தள்ளினார். வெளியே ஏதோ சத்தம் கேட்டது. அதையும் மிஞ்சக் குரலை உயர்த்தினார்.

முன்வரிசைப் பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் குனிந்தார்கள். மண்டபம் கப்சிப். பேச்சு நன்றாகத்தான் தைத்திருக்கிறது என்று மாஸ்டருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

பக்கத்தில் இருந்த நடுவர் பரமேஸ்வரி ரீச்சர், கொஞ்சம் பொறுக்கும்படி மெல்லச் சொன்னார்.

"உங்கட ஆக்கள் எண்டு பரிஞ்சு பேசாதீங்கோ ரீச்சர்," என்று அவரையும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, அந்தக் கோஷ்டியைப் போட்டியிலிருந்தே நீக்குவதாக மாஸ்டர் அறிவித்தார்.

டிலக்சனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாகாணப் போட்டிக்கென்று எவ்வளவு ஆசையாகப் பழகினார்கள்.

மாஸ்டர் அதோடும் விடவில்லை. "ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ? சபைக்குக் கேக்கச் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பள்ளிவாசலில தொழுகைக்குப் பாங்கு சொன்னவை, சேர். அது முடியுமட்டும் பாடக் கூடாதெண்டு நிண்டனாங்கள்."