தலையங்கத்தின் ஒரே வாசகி

"நம்ம பேப்பர்ல உங்களுக்கு எந்தப் பக்கம்மா பிடிக்கும்?"

கேட்டவர் பத்திரிகை ஆசிரியர். தலையங்கத்தை யாரும் படிப்பதில்லை, அந்தப் பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு வாசகரையாவது பிடித்துக் காட்ட, ஆசிரியர் நாற்பதாவது வீட்டின் படியேறியிருந்தார்.

"தலையங்கம்தான் சார்," என்றாள் அந்த வீட்டுப் பெண், அவருடைய தோளையே பார்த்தபடி. "தினமும் கத்தரிச்சுப் பத்திரமா வச்சிருக்கேன்."

ஆசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. "அதை நிறுத்திட்டா?"

"அப்புறம் என் பொழப்பு என்ன ஆகறது?"

"எழுதறதே நான்தாம்மா. கொஞ்சம் காட்டுங்களேன்."

அலமாரியைத் திறந்தாள். அவருடைய பத்து வருடக் கருத்துகள் சட்டைக் கைகளாகவும் காலர்களாகவும் ஆணியில் தொங்கின.

"படமே இல்லாத பக்கம். மேல வச்சு அளவு வெட்டினா வெள்ளைத் துணியில மை ஒட்டாது," என்றாள் தையற்காரி. "உங்களுக்குத் தோள் பதினெட்டு. ஒரு சட்டை வெட்டட்டுமா?"

ஆசிரியர் படியிறங்கினார்.