நிறுத்த விரும்பினால்

"சைனஸா? செருப்புக் கடை மெசேஜ்ல சைனஸ் எதுக்கு முதலாளி?"

"போடும்மா. சைனஸ் இருக்கறவங்க தலை நனையாம பாத்துக்கணும்னு ஒரு வரி. கீழ மழைக்காலச் செருப்புக்குத் தள்ளுபடின்னு சேத்துக்கோ. யார் கேக்கப் போறா?"

கேட்கத்தான் செய்கிறார்கள். போன வாரம் அவர் சொல்லி நான் அனுப்பிய 'வெயிலில் அலையாதீர்கள், தண்ணீர் குடியுங்கள்' என்ற செய்திக்கு ஒரு வாடிக்கையாளர், 'நீங்க செருப்பு விக்கிறீங்களா, வைத்தியம் பாக்கறீங்களா?' என்று பதில் போட்டிருந்தார்.

மற்றவர்கள் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. ஸ்டாப் என்று ஒரே வார்த்தை.

அது வந்து விழுந்ததும் கம்ப்யூட்டர் அந்த எண்ணைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அதன்பிறகு அந்த எண்ணுக்குக் கடையிலிருந்து எதுவும் போகாது. நான் நினைத்தாலும் போகாது, முதலாளி நினைத்தாலும் போகாது. அவர்களாக மனம் மாறி ஸ்டார்ட் என்று அனுப்பினால்தான் உண்டு.

இதுவரை யாரும் மனம் மாறியதில்லை.

கடையின் பின்னறையில், கூரைவரை அடுக்கிய செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே என் மேசை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனுஷனுக்கு ஒரு மரை கழன்றிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கேஷியர் அக்காதான் ஒருநாள் என்னைப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"லூசுன்னு நினைச்சுக்காதடி. அது அத்தனையும் ஒருத்திக்குப் போற மெசேஜ். ஊரையும் சேத்துக்கிட்டு அனுப்பறார், அவ்வளவுதான்."

அந்த ஒருத்தி முதலாளியின் சின்ன மகள். இந்த மெசேஜ் ஏற்பாட்டைக் கடைக்குக் கொண்டுவந்ததே அவள்தான். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தன் போனிலிருந்தே முதலில் ஸ்டார்ட் அனுப்பியிருக்கிறாள். பட்டியலில் முதல் எண் இன்னும் அவளுடையதுதான்.

பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் ஏதோ வாய்த்தகராறு. பையைத் தூக்கிக்கொண்டு போனவள், வீட்டு எண்களையெல்லாம் பிளாக் செய்துவிட்டாள். பக்கத்துக் கடைக்காரர் போனில் இவர் ஒருமுறை பேசிப் பார்த்தார். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். அன்றோடு அந்த எண்ணும் போயிற்று.

நான் என் போனை நீட்டியபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. ரொம்ப நச்சரிச்சா நம்பரையே மாத்திடுவா."

கடையின் மெசேஜ் எண்ணை மட்டும் அவள் விட்டுவைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் எண்ணுக்கு எதிரே 'சேர்ந்தது' என்று வரும். மறந்திருக்கலாம். முதலாளி அப்படி நினைக்கவில்லை. எல்லாக் கதவையும் பூட்டிவிட்டுப் போனவள் ஒரு ஜன்னலை மட்டும் தாழ்ப்பாள் போடாமல் சாத்திவைத்திருக்கிறாள் என்பது அவர் எண்ணம்.

அந்த ஜன்னல் வழியாக வியாபாரம் மட்டும்தான் போகலாம். மெசேஜ் கம்பெனி தந்திருக்கும் அனுமதி அவ்வளவுதான். 'நேரத்துக்குத் தூங்கு' என்று சொல்வதற்குக்கூட ஒரு ஜோடி செருப்பைத் துணைக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. எல்லாச் செய்தியின் கடைசியிலும், 'நிறுத்த விரும்பினால் ஸ்டாப் என்று பதில் அனுப்பவும்' என்ற வரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அந்த ஒரு வரியை மட்டும் கழட்ட முடியாதாம்மா?"

எப்போது மெசேஜ் போட்டாலும் இதைக் கேட்பார். முடியாது. தன் வாயை எப்படி அடைப்பது என்று ஒவ்வொரு முறையும் அவரே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

சைனஸ், மழை, செருப்பு, கடைசியில் அந்த வரி. அனுப்பினேன்.

அவர் வழக்கம்போல என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் ஸ்டாப்கள் விழத் தொடங்கின. எண்கள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின, எதிர்த் தெருவில் வீடு வீடாக விளக்கை அணைப்பது மாதிரி.

"போறவங்க போகட்டும் விடு" என்றார்.

முதல் எண்ணும் அணைந்தது.

'உங்கள் ஆதரவுக்கு நன்றி. இனி எங்கள் செய்திகள் உங்களுக்கு வராது.' நான் விசைப்பலகையில் கை வைப்பதற்குள் கம்ப்யூட்டர் அவளுக்குப் பதில் அனுப்பி முடித்திருந்தது.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்னால் அவர் சட்டைப்பையைத் துழாவுவது கேட்டது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். அந்த ஒற்றை வார்த்தையை விரலால் தொட்டார்.

"இது அவளே அடிச்சதுதானே? மெஷின் அடிச்சதில்லையே?"

"அவங்களே அடிச்சதுதான், முதலாளி."

"இப்பவா?"

"இப்பத்தான்."

வாடிக்கையாளர்கள் செருப்பு போட்டுப் பார்க்கும் குட்டை ஸ்டூலைக் காலால் இழுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அவள் அவருக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

"அப்போ நல்லாத்தான் இருக்கா" என்றார். "நாம அனுப்பினதைப் படிச்சிருக்கா. படிச்சிட்டுப் பதில் போட்டிருக்கா, பாரேன்."

சாம்பல் நிற எண்ணின் மேல் அம்புக்குறியை வைத்தேன். எதுவும் திறக்கவில்லை.

அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டார்.

"போன் இப்போ அவ கையிலதான் இருக்கும். வெச்சிட்டுப் போறதுக்குள்ள கேட்டுடும்மா, சீக்கிரம். சாப்பிட்டாளான்னு மட்டும் கேளு."